என் ஆறு கொரில்லாத் துப்பாக்கிகள்

கிம்பி, குயின்ஸ்லாந்து
ஜூலை 12

சார்ல்வில்லில் ஆடும் கம்பளியும் பெருகச் சௌக்கியமாக இருக்கும் மைத்துனன் லிண்ட்சே பாஸ்க்குக்கு, மெர்வின் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா பெரிலும் நலம். நேற்று சாயங்காலம் ஐந்து மணியிலிருந்துதான் நலம்.

வியட்நாம் போரிலிருந்து நான் கொண்டுவந்த ஆறு கொரில்லாத் துப்பாக்கிகளை உனக்குத் தெரியும். தண்ணீர்க் குழாயையும் கதவுத் தாழ்ப்பாளையும் வைத்துக் கொரில்லாப் போராளிகள் காட்டுக்குள்ளே கையால் செய்தவை என்று சத்தியம் பண்ணிய ஓர் அமெரிக்கனிடம் இரண்டு பாட்டில் ரம் கொடுத்து வாங்கி, படுக்கைச் சுருட்டில் ஒளித்துக் கொண்டுவந்து, இத்தனை வருஷம் பிள்ளைபோல எண்ணெய் தடவி வைத்திருந்தேன். உரிமமில்லாத துப்பாக்கியை நேற்று ஐந்து மணிக்குள் ஒப்படைத்தால் மன்னிப்பு, இல்லாவிட்டால் ஜெயில் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. ஒப்படைத்தால் இயந்திரத்தில் போட்டு நசுக்கிவிடுவார்களாம். எனக்கு மனசு வரவில்லை. கோழிக்கூட்டில் ஒளித்தேன், கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. உறைபெட்டியில் கறிக்கு அடியில் ஒளித்தேன், உன் அக்கா கையில் அகப்பட்டது.

"ஏங்க, ரோஸ்ட்டுக்குக் கறி எடுக்கப் போனா துப்பாக்கி வருது. இது வீடா, பட்டாளமா?"

"அது சரித்திரம், பெரில்!"

"சரித்திரத்த ஜெயில்ல போய்ப் படிங்க" என்று அவளே போலீசுக்குப் போன் போட்டுவிட்டாள்.

கான்ஸ்டபிள் ரோவீனா ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்தாள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் பென்சிலை விட்டுப் பார்த்தாள்.

"என்ன சார், ரெண்டு இஞ்சுக்கு மேல ஓட்டையே இல்ல! இத வச்சு மண்டைய உடைக்கலாம், சுட முடியாது."

கைப்பிடியைக் கழற்றினாள். உள்ளே எழுதியிருந்தது: "செய்தது லி. பாஸ்க், ராணுவப் பட்டறை. அமெரிக்கனிடம் விலையாக ஒரு பெட்டி மாட்டிறைச்சி கேட்கவும்."

அட பாவி! வியட்நாமில் நம் ராணுவப் பட்டறையில் வேலை பார்த்தபோது கட்டில் கம்பியை அறுத்து, நுனியில் மட்டும் துளை போட்டுக் கொரில்லாத் துப்பாக்கி செய்து அமெரிக்கர்கள் தலையில் கட்டியது நீதானா? அதைத்தான் அவன் என் தலையில் கட்டினானா? கோபம் வந்தது. ஆனால், "இதுக்கெல்லாம் கேசே கிடையாது, நீங்களே வச்சுக்குங்க" என்று அவள் சொன்னதும் சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஆறும் இப்போது கூடத்துச் சுவரில் தொங்குகின்றன. பெரில் அவற்றில் தேநீர்க் கோப்பைகளை மாட்டுகிறாள்.

உன் மேய்ச்சல் நிலத்தில் மழை கொட்டட்டும்.

உன்னை மன்னித்துவிட்ட,
மெர்வின்

பி.கு.: உன் கல்யாணத்துக்கு ஏழாவதாக ஒன்று கொடுத்தேனே, உன் வீட்டுக் கணப்புக்கு மேலே தொங்குகிறதே, அது அமெரிக்கன் தந்ததில்லை. வியட்நாமில் ரப்பர் தோட்டத்தில் கொரில்லாக்கள் ஒளியும் சுரங்கத்தின் வாயிலில் நானே பொறுக்கியது. கோணலும் துருவுமாக இருக்கிறதே என்று உனக்குத் தள்ளிவிட்டேன். "குழாய்க்குள்ள ஏதோ அடைச்சுக்கிட்டிருக்கு மச்சான்" என்று நீ அன்றைக்கே சொன்னாய். அது நிஜத் தோட்டா என்று இன்று காலையில்தான் எனக்கு உறைத்தது. தொடாதே. கணப்பை மூட்டாதே. போலீசைக் கூப்பிடலாம் என்றால், மன்னிப்புக் காலம் நேற்று ஐந்து மணியோடு முடிந்துவிட்டது.