மைனஸ் இரண்டு

மனித குலத்தின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: எங்கள் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் தகவமைப்புத் தேர்வு வருவதற்கு முன், வந்த பின். முன்னது இருண்ட காலம். ஒரு குழந்தைக்குப் படிப்பு ஏறுகிறதா என்று தெரிந்துகொள்ள அந்தக் குழந்தையிடமே பேசிப் பார்க்கும் காட்டுமிராண்டி வழக்கம் அப்போது இருந்தது. நானும் பேசியிருக்கிறேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

தேர்வை விற்க வந்த கம்பெனிக்காரர் ஆசிரியர் கூட்டத்தில் எங்கள் கண்களைத் திறந்துவைத்தார்.

“எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கேள்வித்தாள் குடுக்கறது ரெடிமேட் சட்டை மாதிரி. இது அளவெடுத்துத் தைக்கிற தேர்வு. சரியாச் சொன்னா அடுத்த கேள்வி கஷ்டமா வரும். தப்பாச் சொன்னா சுலபமா வரும். கடைசியில பிள்ளை எங்க நிக்குதுன்னு துல்லியமாச் சொல்லிடும்.”

“எட்டிப் பார்த்தாலே தெரியுமே, எங்க நிக்குதுன்னு?” என்றார் விளையாட்டு ஆசிரியர்.

அதைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டாம் என்று தலைமையாசிரியை என்னிடம் சொன்னார். எழுதவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியன். எழுதச் சொன்னால் எழுதுவேன், வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவேன்.

முதல் தேர்வு நாளன்று என் வகுப்புக் குழந்தைகள் முப்பத்தொரு பேரும் கம்ப்யூட்டர் அறையில் ஆளுக்கொரு திரை முன் உட்கார்ந்தார்கள். அரை மணி நேரத்தில் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

ஒருவன் ‘கொட்டாவி’. அவன் இரண்டாவது கேள்வியிலேயே கீபோர்டு மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டான். கன்னம் அது பாட்டுக்கு ஒரே விடையை அழுத்திக்கொண்டிருந்தது. எல்லாம் தப்பு. கருணையுள்ள கம்ப்யூட்டர் படிப்படியாக இறங்கி வந்தது. பின்னத்தை விட்டுக் கூட்டலுக்கு வந்தது. கூட்டலை விட்டு ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னது. கடைசியில் ஒரு பந்தின் படத்தைப் போட்டு, ‘இது பந்தா?’ என்று கேட்டது. கன்னம் ‘இல்லை’ என்றது.

இன்னொருத்தி ‘வக்கீல்’. பத்து வயது. எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்பாள் என்பதால் வகுப்பு வைத்த பெயர். அவள் எல்லாவற்றுக்கும் சரியாக விடை சொன்னாள். கம்ப்யூட்டர் ஏறிக்கொண்டே போனது. இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு கப்பலின் எடையையும் கடலின் உப்பையும் கொடுத்து, கப்பல் எத்தனை அடி அமிழும் என்று கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கேள்வியே புரியவில்லை.

“பசிக்குது சார். எப்ப முடியும்?”

“தப்பு பண்ணினா முடியும்மா.”

“தெரிஞ்சே எப்படி சார் தப்பு பண்றது?”

பாடத்திட்டத்தில் அப்போது அது இல்லை. மின்சாரம் போய் அவளைக் காப்பாற்றியது.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது தேர்வு. கொட்டாவிக்கு அன்று கடுமையான ஜலதோஷம். மூச்சு விட முடியாமல் முழித்துக்கொண்டிருந்தவன், வேறு வேலையில்லாமல் கேள்விகளுக்குப் பதில் சொன்னான். முன்னேற்றம்: நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள். அவனை மேடையேற்றி ‘முன்னேற்ற நாயகன்’ என்று பட்டை மாட்டினார்கள். பேசச் சொன்னார்கள். “மூக்கு அடைச்சிருந்துச்சு” என்றான். அடக்கம் என்று எல்லோரும் கைதட்டினோம்.

வக்கீல், ஒரு கேள்வியில் கொடுத்த நான்கு விடைகளும் தப்பு என்று தாளில் நிரூபித்துவிட்டு எதையும் அழுத்தாமல் விட்டிருந்தாள். முன்னேற்றம்: மைனஸ் இரண்டு. ‘மாணவி இருந்த இடத்திலிருந்து இரண்டடி பின்னால் இருக்கிறார்’ என்றது அறிக்கை.

பின்தங்கியவர்களைக் கைவிடுவதா எங்கள் பள்ளி? உடனே அவளைத் ‘தேக்கநிலைக் குழு’வில் சேர்த்தோம். குழு என்றால் அவள் ஒருத்திதான். உடைந்த நாற்காலிகள் போடும் அறையில், வாசிப்பு நேரத்தில் நூலகத்துக்குப் போவதற்குப் பதிலாக அவள் வட்டங்களுக்கு வண்ணம் தீட்ட வேண்டும். எனக்கும் சிகிச்சை உண்டு. தேங்கிய பிள்ளையின் ஆசிரியர் ஏழு ஞாயிற்றுக்கிழமை ‘தேக்கம் உடைப்போம்’ பயிற்சிக்குப் போக வேண்டும்.

மறுநாள் அவள் அம்மா வந்தார். நர்ஸ். டியூட்டி முடித்து யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தார்.

“என் பொண்ணுக்கு என்ன குறை மேடம்?”

“முன்னேற்றம் இல்லம்மா” என்றார் தலைமையாசிரியை. “போன தடவையும் உச்சத்துல இருந்தா. இந்தத் தடவையும் அங்கேயே இருக்கா.”

“காய்ச்சலே இல்லாத பிள்ளைக்கு, காய்ச்சல் இறங்கலைன்னு மருந்து குடுப்பீங்களா?”

“நாங்க குடுக்கலைம்மா. கம்ப்யூட்டர் குடுக்குது.”

“நேத்து ராத்திரி அழுதா. ‘அம்மா, நான் பின்னாடி போயிட்டேனாம். எங்கேருந்து பின்னாடி?’ன்னு கேட்டா. நான் என்ன பதில் சொல்றது?”

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னல் நன்றாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தெய்வம் போல கம்பெனி ஒரு புதிய பதிப்பைக் கொண்டுவந்தது. பழைய புள்ளிகள் எல்லாம் அழிந்துவிட்டன. எல்லோரும் மறுபடி முதல் தேர்வு எழுத வேண்டும். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“மேல ஏறணும்னா முதல்ல கீழ இருக்கணும், இல்லையா சார்?”

“தப்பாப் போடச் சொல்றீங்களா மேடம்?”

“சீச்சீ! என்ன வார்த்தை இது? ‘வளர்ச்சிக்கு இடம் விடுதல்’னு சொல்லுங்க.”

ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் என் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. இடம் விட ஒப்புக்கொண்டேன்.

மற்ற முப்பது பேருக்கும் அது பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. சிலருக்குப் பிறவியிலேயே இருந்தது. வக்கீலுக்கு மட்டும் நாற்காலி அறையில் தனி வகுப்பு எடுத்தேன்.

“ஏழெட்டு எவ்வளவும்மா?”

“ஐம்பத்தாறு.”

“தப்பு.”

“சரிதானே சார்?”

“சரியா இருக்கு பாரு, அதுதான் தப்பு.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். “யானை” என்றாள்.

“ரொம்பத் தப்பு. கம்ப்யூட்டர் சந்தேகப்படும். தப்பு நம்பற மாதிரி இருக்கணும். ஐம்பத்துநாலுன்னு சொல்லு. தயங்கக் கூடாது. மூஞ்சில ஒண்ணும் தெரியக் கூடாது.”

“கம்ப்யூட்டர் மூஞ்சியைப் பார்க்குமா சார்?”

“பார்க்காது. ஆனா பழகிக்கறது நல்லது.”

“இது பொய் இல்லையா சார்?”

“இல்லம்மா. இடம் விடறது.” அவள் நகரவில்லை. கடைசி ஆயுதத்தை எடுத்தேன். “நூலகத்துக்குத் திரும்பப் போக வேண்டாமா?”

வெகுநேரம் வண்ணப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, நிதானமாக, “ஐம்பத்துநாலு” என்றாள்.

எனக்குப் புல்லரித்தது. இரண்டே வாரத்தில் பின்னம், பரப்பளவு, இலக்கணம், திசைகள் எல்லாவற்றிலும் அவள் எவரும் நம்பும்படி தப்பு செய்யத் தேர்ந்துவிட்டாள். சூரியன் தெற்கே உதிக்கிறது என்று அவள் சொன்னபோது நானே ஒரு தடவை வெளியே எட்டிப் பார்த்தேன்.

அதன்பின் நடந்தது ஊரறிந்த வெற்றி. முதல் தேர்வில் எங்கள் வகுப்பு அதலபாதாளத்தில் இருந்தது. வருடக் கடைசியில் விண்ணைத் தொட்டது. வக்கீலின் முன்னேற்றம் ஆயிரத்து நாற்பது. அவள் நூலகத்துக்குத் திரும்பினாள். கம்பெனி எனக்குச் ‘சிறந்த முன்னேற்றம் விளைவித்த ஆசிரியர்’ என்று சான்றிதழ் கொடுத்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு என் நாற்காலிக்கு நேர் பின்னால் மாட்டினார்கள்.

அடுத்த வாரம் அந்த நர்ஸ் அம்மா மறுபடி வந்தார். நன்றி சொல்லத்தான் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

“நேத்து வீட்டுல பூ ஜாடி உடைஞ்சு கிடந்தது சார். யார் உடைச்சதுன்னு கேட்டேன். என் பொண்ணு என் மூஞ்சியைப் பார்த்து, தயங்காம, ‘அப்பா’ன்னா.”

“சரி...”

“என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் யோசிச்சார். ‘நானாத்தான் இருக்கும்’னு மன்னிப்புக் கேட்டார். ராத்திரி பூரா வருத்தப்பட்டார். காலையில பார்த்தா இவ ஸ்கூல் பைக்குள்ள ஜாடியோட பாதி இருக்கு.”

நான் மேஜை மேலிருந்த சாக்பீஸ்களை வரிசையாக அடுக்கினேன்.

“இவளுக்குப் பொய் சொல்லவே வராது சார். பொய் சொல்ல வாயைத் திறந்தாலே காது சிவந்துடும். ஒரே வருஷத்துல இப்படி மாறிட்டா. யார் சார் சொல்லிக்குடுத்தாங்க?”

அவர் கண்கள் என் தலைக்கு மேலே போய், சட்டத்தில் இருந்த பெயரைப் படித்தன. அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

இருபத்திரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். ஒரு குழந்தைக்கு ஒரு விஷயத்தை அடி முதல் நுனி வரை நான் சொல்லிக்கொடுத்து, அது துளியும் பிசகாமல் கற்றுக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அதற்கு எத்தனை புள்ளி என்று கம்ப்யூட்டரைக் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.