டையிங் மாஸ்டரின் யோகா வகுப்பு

மல்லாந்து படுத்தாயிற்று. அடுத்து என்ன ஆசனம் என்றுதான் குழந்தைவேலுக்கு நினைவு வரவில்லை.

எதிரே பதினாலு பெண்கள், எல்லாரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள், அவரைப் பார்த்து அதேபோல் மல்லாந்து படுத்திருந்தார்கள். கால்சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. ஈரோட்டிலிருந்து அவர் மனைவி மங்கை.

"வாத்தியாரே, அடுத்தது?" என்று முன்வரிசையிலிருந்து ஷென் அத்தை கேட்டார்.

"இதுவேதான். ரொம்ப முக்கியமான ஆசனம். இன்னும் பத்து நிமிஷம்."

கைப்பேசி அதிர்ந்து ஓய்ந்தது. போச்சு, இந்த வாரமும் போச்சு.

குழந்தைவேல் சீனாவின் ஷாவ்ஷிங் நகரத்துத் துணி ஆலை ஒன்றில் சாயம் கலக்கும் டையிங் மாஸ்டர். எந்தச் சிவப்போடு எந்தச் சிவப்பைச் சேர்த்தால் எந்தச் சிவப்பு வரும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். யோகாவைப் பொறுத்தவரை, சின்ன வயதில் சோப்புக் கம்பெனி காலண்டரில் படம் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான்.

மங்கைக்கும் அவருக்கும் ஒருசேர ஓய்வு கிடைப்பது சனிக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து வரைதான். ஷாவ்ஷிங் குளிருக்கு வீட்டுக்குள் இருப்பதைவிட வெளியே வெயிலில் இருப்பது மேல். அதனால் குடியிருப்பு வாசலில், காவலாளி குவோவின் அறைக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்துதான் பேசுவார். மங்கை சாம்பாருக்குத் தாளிப்பதைக் காட்டினாலே இவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். துடைத்துக்கொண்டு, "அப்பளம் பொரிக்கிறதையும் காட்டு" என்பார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் குடியிருப்பு அலுவலகத்துப் பெண் ஃபாங் கதவைத் தட்டினாள்.

"நீங்க இந்தியர்தானே? எங்க பெரியவங்களுக்கு யோகா சொல்லித் தர்றீங்களா?"

"எனக்கு யோகா..."

"அடக்கம் பாரு! சனிக்கிழமை மூணு மணிக்கு என்ன பண்றீங்க?"

"பெரிசா ஒண்ணுமில்ல. கீழ பெஞ்சுல உக்காந்திருப்பேன்."

"அதேதான். அந்த நேரத்துலயே வச்சுக்கலாம்."

நாலு வருடம் சோறு போட்ட ஊர். அது கேட்டு மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தன்னார்வலர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு மேலாடை தனக்கும் வரும் என்று எதிர்பார்த்தார். "உங்க வயித்து அளவுக்கு இன்னும் வரல" என்றுவிட்டாள் ஃபாங்.

வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு அத்தையும் ஒரு சிறு புத்தகத்தை நீட்டி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார். வருகைப் பதிவுக்கே இவ்வளவு ஒழுங்கா என்று நெகிழ்ந்துபோவார் குழந்தைவேல். சனிக்கிழமை மதியங்களில் அத்தைகள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆட, காய்கள் சடசடக்கும் மாஜாங் அறைகூட இப்போது பூட்டிக் கிடந்தது. தன் வகுப்புக்காக ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள்! இவர்களிடம் போய் வகுப்பு இல்லை என்று எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டாம், அவர்களாகவே ஓடட்டும் என்று முடிவு செய்தார். அடுத்த சனிக்கிழமை, காலைத் தூக்கித் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் ஆசனத்தை அறிவித்தார்.

தினமும் விடிந்ததும் மரத்தில் காலைத் தூக்கி வைத்து நீவுகிற கூட்டம் அது. பதினாலு ஜோடிக் கால்களும் அநாயாசமாகப் பின்னால் போய் இறங்கின. வாத்தியாரின் கால்கள் மட்டும் பாதி வழியில் நின்றன. முதுகில் 'மளுக்' என்றது.

"நமக்கு வலிக்கும்னு வாத்தியார் பாதியிலேயே நிறுத்திட்டார். எவ்வளவு நல்ல மனசு!" என்றார் ஷென் அத்தை.

வலியிலும் குழந்தைவேலுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது. 'முதுகு பிடித்துக்கொண்டது, அடுத்த வாரம் வகுப்பு இல்லை' என்று செய்தி அனுப்பினார். மறு சனிக்கிழமை மூன்று மணிக்கு, தலைசீவி, கைப்பேசியும் கையுமாகக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார்.

கதவு தட்டப்பட்டது. பதினாலு பேர். ஆளுக்கொரு வெந்நீர்க் குடுவை.

"சட்டையக் கழட்டுங்க" என்றார் ஷென் அத்தை.

"அத்தை, வேண்டாம், நானே..."

"கழட்டுங்கன்னா!"

முதுகுப் பிடிப்புக்கு அவர்கள் ஊர்க் கை வைத்தியமாம்; கண்ணாடிக் கிண்ணங்களுக்குள் தீயைக் காட்டி ஒவ்வொன்றாக முதுகில் கவிழ்த்தார்கள். பன்னிரண்டாவது கிண்ணத்தை எடுக்கும்போது மங்கையின் அழைப்பு வந்தது. ஓர் அத்தை எடுத்து, நோயாளியின் நிலவரத்தை வீட்டுக்காரிக்குக் காட்டுவதுதான் முறை என்று முதுகுப் பக்கம் திருப்பினார்.

"ஐயோ! ஏனுங்க, முதுகெல்லாம் ரத்தங்கட்டிக் கெடக்குது! ஆரு அடிச்சது?"

"அடிக்கல மங்கை, வைத்தியம்."

"அதென்ன பொம்பளைங்க சிரிக்கிற சத்தம்? எத்தன பேரு?"

"பதினாலு."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மங்கை நிதானமாகச் சொன்னாள். "கேட்டுக்கங்க. வர்ற சனிக்கெழம மூணு மணிக்கு நீங்க தனியா உக்காந்து எங்கிட்டப் பேசோணும். இல்லீன்னா அப்பறம் எந்தக் கெழமையும் நான் போன எடுக்க மாட்டேன்." குரல் உடைந்திருந்தது. அவள் கோபத்தைத் தாங்கியிருப்பார் குழந்தைவேல், அழுகையைத் தாங்க முடியவில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அத்தைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாருங்க, மறுபடியும் ஆரம்பிச்சிட்டார்" என்றார் ஷென் அத்தை. "இனிமே ஞாயித்துக்கிழமையும் வர வேண்டியதுதான்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை விட்டதும் குழந்தைவேல் நேராக ஃபாங்கின் அலுவலகத்துக்குக் கிளம்பினார். குடும்பமா தொண்டா என்றால் குடும்பம்தான்.  வாசலில் குவோ தேநீர்க் குப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன வாத்தியாரே, முகம் வாடிக் கெடக்கு?"

"வகுப்பை விட்டுடறேன்னு ஃபாங்கிட்டச் சொல்லப் போறேன். சனிக்கிழமை மூணு மணிக்கு என் சம்சாரத்தோட பேசணும். அந்தப் பெஞ்சுல உக்காந்து முன்ன பேசுவேனே, அப்படி. ஆனா அந்த அத்தைங்க பாவம், வாரம் முழுக்க இதுக்காகவே காத்துக்கிட்டிருக்காங்க. மனசு ஒடஞ்சு போயிடுவாங்க."

குவோ குப்பியைக் கீழே வைத்தார். "பெஞ்சுல போனப் பாத்துக் கண்ணத் தொடச்சுக்கிட்டிருந்தீங்களே, அது சம்சாரமா?"

"ஆமா. சாம்பார் தாளிச்சுக் காட்டுவா."

"சாம்பாருக்கா அழுதீங்க? வேற கவலை ஒண்ணுமில்லையே?"

"வேற என்ன கவலை?"

குவோ எழுந்தார். மாடியைப் பார்த்து, குடியிருப்பு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"ஷென் அக்கா! நம்ம இந்தியருக்கு ஒண்ணுமில்லையாம்! அவரைத் தனியா விடாமப் பாத்துக்கிட்ட உங்க பதினாலு பேரோட தன்னார்வத் தொண்டும் முடிஞ்சுது, கையெழுத்துப் புத்தகத்த மூடிட்டு நாளைக்கு மூணு மணிக்கு மாஜாங் மேஜையைப் போடுங்க!"