லாரியில் உட்கார ஆள் தேவை

காஜா பேராங், மலாக்கா
ஜப்பான் கணக்கில் 2603 (நம் கணக்கில் 1943), ஆகஸ்ட் 12, மாலை

மகாகனம் பொருந்திய மைத்துனர் ராஜரத்தினம் அவர்களுக்கு, பட்டறைக் கலியாணசுந்தரம் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை சாரதாம்பாளும் மகள் ஜெயாவும் மரவள்ளிக்கிழங்கின் தயவால் உயிரோடு இருக்கிறோம். அங்கு எல்லாரும் சுகமாகவும், முடிந்தால் கொஞ்சம் கனமாகவும் இருக்க முருகனை வேண்டுகிறேன். கனம் எதற்கு என்பதைக் கீழே காண்க.

ஜப்பான் அதிகாரி ஒருவர் லாரியைக் கொண்டுவந்து, கிழங்கு ஏற்ற வேண்டும், நீளமாக்கு என்றார். லாரியின் அடிச்சட்டத்தை வெட்டி நீட்டினேன், பின்னால் வேறு லாரியின் ஸ்பிரிங்கைப் போட்டேன், வண்டி உயர்ந்துவிட்டது, கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் சாப்ட்டின் சாய்வு கெட்டுவிட்டது. அதைச் சரிசெய்ய ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் இரும்பு ஆப்பு வைக்க வேண்டும். ஜெயாவின் பள்ளிக்கூடப் பாகைமானியில், உங்கள் தங்கையின் சேலையில் உருவிய நூலைக் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, அளந்துதான் வைத்தேன். வெறும் லாரி அலுங்காமல் ஓடியது. எட்டுச் சிப்பாய்கள் ஏறியதும் உதறிய உதறலில் அதிகாரியின் தொப்பி சாக்கடையில் விழுந்தது, எனக்குக் கன்னத்தில் இரண்டு விழுந்தது. நாளைக் காலைக்குள் சரியாகவில்லை என்றால் என்னைச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிடுவாராம். போனவன் எவனாவது திரும்பி வந்தானா மச்சான், நீங்களே சொல்லுங்க.

பாரம் ஏற்றி அளந்தால்தான் சரியான சாய்வு தெரியும். மண் ஏற்றலாமே என்பீர்கள். மண்ணுக்குச் சாக்கு வேண்டும், சாக்கை ஊரே உடுத்திக்கொண்டிருக்கிறது. சரி, ஆளை ஏற்றுவோம் என்று மலாய் பேசும் நம் செட்டிமார் குடியிருக்கும் கம்போங் செட்டியில் வீடு வீடாகப் போனேன். லாரி என்று வாயைத் திறந்ததும் ஆம்பளை எல்லாம் கொல்லைப்பக்கமாக ஓடுகிறான். நடராஜன் கட்டிலுக்கு அடியிலிருந்தே, "தா மாவ், பாங், தா மாவ்" என்று மறுத்துவிட்டான், வரமாட்டானாம். நகராத லாரியப்பா என்று எனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சிப் பார்த்தேன், வெளியே வரவில்லை. பக்கத்துச் சந்து அஞ்சலையிடம் அவள் கொழுந்தனை அனுப்பச் சொன்னேன். "எங்க வீட்டுக்காரரையும் சும்மா உக்காருன்னு சொல்லித்தாண்ணே ஏத்துனாங்க" என்றாள்.

ஆகவே மச்சான், காலை ஆறு மணிக்குள் உங்கள் ஊர் செங்கிலிருந்து குடும்பத்தோடு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்க. சண்டைக்கு முன்பு நீங்கள் ஒருவரே இரண்டு ஆள், இப்போது ஒன்றரை இருந்தாலும் போதும். உங்கள் வீட்டம்மா பாக்கியலட்சுமி அக்காவைக் கட்டாயம் அழைத்து வாருங்கள், தப்பாக நினைக்க வேண்டாம். பயமே வேண்டாம், அது கிழங்கு லாரி.

பெரியவர்களுக்கு நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

தங்கள் பாரத்தை எதிர்நோக்கும்,
கலியாணசுந்தரம்

பி.கு. கடிதத்தோடு சைக்கிளில் கிளம்பிய பட்டறைப் பையன் ஹாஜாவை நிறுத்தி வைத்து இதை எழுதுகிறேன். அதிகாரிக்கு மொழிபெயர்க்கும் பொன்னுதுரை வந்து காதோடு சொன்னார்: "கிழங்கு ஒண்டும் இல்லை, தம்பி. நாளைக்குச் செங்கில முப்பது பேரைச் சயாமுக்கு ஏத்தவேணுமாம்." வராதீங்க மச்சான். விடியுமுன் எல்லாரும் ரப்பர் காட்டுக்குள் போயிடுங்க, அக்கம்பக்கத்துக்கும் சொல்லுங்க, இதை அடுப்பில் போட்டுடுங்க. ஆப்பின் தடித்த பக்கத்தை மாற்றித் திருப்பி வைத்துவிட்டேன், இனி வெறும் வண்டியிலேயே சாப்ட் உதறிக் கழன்றுவிடும். லாரி செங் வந்து சேராது. அது என் கைவேலை, நம்பலாம்.