மாமியார் முகமும் ஒரு கை சீனியும்

ஒரு சந்தேகம் மண்டைக்குள் புகுந்துவிட்டால், அதைக் கேட்டுத் தீர்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. இந்த வியாதியால் என் கல்யாணமே ஒருமுறை கவிழப் பார்த்தது.

எண்பதுகளில் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். கடைத்தெருவிலிருந்து சீனி சுற்றி வந்த காகிதத்தைப் பிரித்துப் படிப்பது என் வழக்கம். (எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே பத்திரிகை அதுதான்.) அப்படி ஒருநாள், சீனி அதிகம் சாப்பிட்டால் தோல் சீக்கிரம் சுருங்கும் என்று படித்தேன். ஏன், எப்படி என்பதெல்லாம் கிழிந்த பாதியோடு கடையிலேயே தங்கிவிட்டது.

அன்றிலிருந்து தோட்டத்து ஆட்களின் முகங்களை ஆராய ஆரம்பித்தேன். ஒன்றும் ஒத்துவரவில்லை. சீனியை அள்ளித் தின்னும் பக்கத்து வீட்டு ரோசம்மா அக்காவின் கன்னம் பளபளத்தது. சீனியையே தொடாத அப்பாவின் நெற்றியிலோ தேயிலை மலை போல் வரிவரியாகக் கோடுகள்.

இந்த நிலையில்தான் இறம்பொடையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் முன்பே பார்த்திருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இந்த இடம் தட்டிப்போகக்கூடாது என்று தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

பாலும் சீனியும் போடாத தேத்தண்ணியான சாயத்தண்ணியைக் கொடுத்து, உள்ளங்கையில் சீனி வைப்பது எங்கள் பக்கத்து உபசாரம். ஒரு நக்கு, ஒரு மிடறு. மாப்பிள்ளையின் அம்மா கையை நீட்டினார். வைத்தேன். நக்கிவிட்டு மறுபடி நீட்டினார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணோரம், வாயோரம், கழுத்து, எங்கும் சுருக்கம்! கடைசியில் என் ஆராய்ச்சிக்கு ஒத்துவரும் ஒரு முகம். என்னால் அடக்க முடியவில்லை.

“எத்தன வருசமாங்க இப்புடி சீனி திங்கிறீங்க?”

நீட்டிய கை அப்படியே நின்றது. அப்பா இருமினார்.

“என்னா புள்ள, ஒரு கை சீனிக்குக் கணக்கு கேக்குற?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“ஐயையோ, அதுக்கில்லீங்க! சீனி தின்னா தோலு சுருங்குமாம். ஒங்க மூஞ்சியப் பாத்ததும் கேக்கணும்னு தோணிச்சு.”

(விளக்கம் சொல்லிச் சமாளித்துவிட்டதாக நான் நினைத்தேன் என்பதுதான் கொடுமை.)

மாப்பிள்ளைக்குப் புரையேறியது. அடுப்படியில் அம்மா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். எனக்கு அழுகை முட்டியது. என் கல்யாணத்தை என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

விறுவிறுவென்று நடந்தவர், சுவரில் தொங்கிய கண்ணாடி முன் நின்றார். கன்னத்தை இழுத்துப் பார்த்தார். விட்டார். மறுபடி இழுத்தார்.

“ஏன் புள்ள, சீனிய விட்டா திரும்பச் சரியாகிருமா?”

“சீனி சுத்துன பேப்பர்லதாங்க படிச்சேன். அந்தப் பக்கம் கிழிஞ்சு போச்சுங்க.”

“மிச்சத்தத் தேடிப் பாக்கக்கூடாதா?” என்று எரிந்து விழுந்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார். எனக்கு ஏற்ற மாமியார் இவர்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

தோல் தொய்ந்துபோக அதிகச் சீனியும் ஒரு காரணம், வெயில் அதைவிடப் பெரிய காரணம் என்பதை ரொம்பப் பிற்காலத்தில்தான் நாங்கள் இருவரும் தெரிந்துகொண்டோம். மாமி சீனியை விடவில்லை. ஆனால் இன்றும் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் என்னைக் கூட்டத்தின் நடுவே இழுத்து நிறுத்திவிடுவார்.

“எல்லா எடத்துலயும் மாப்பிள்ள வந்து பொண்ணு மூஞ்சியப் பாப்பான். இவ என் மூஞ்சியப் பாத்துத்தான் என் மகனக் கட்டுனா!”