எழில்நகர் துறவுப் பதிவேடு

உலக ஆன்மிக வரலாற்றை இனிமேல் எழுதப் போகிறவர்கள் முதலில் போதிமரத்தைச் சொல்வார்கள், அடுத்து இமயமலைக் குகைகளைச் சொல்வார்கள். மூன்றாவதாகச் சங்கரன்கோவில் எழில்நகர் நலமன்றப் படிப்பகத்தைச் சொல்லாமல் விட்டால் அது அவர்களுடைய அறியாமை. எங்கள் குறை ஆகாது. அந்தப் படிப்பகத்தில் இயங்கும் 'அகவொளி வாசகர் வட்ட'த்தின் செயலாளர் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு. அதற்குத் தீர்மான எண்கூட இருக்கிறது.

ஞானம் எங்களிடம் இரண்டு அட்டைப்பெட்டிகளில் வந்து சேர்ந்தது. எங்கள் தலைவர் நெல்லைநாயகம் ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர். அவர் போனில் பேசினால் எதிர்வீட்டுக்காரர் பதில் சொல்வார். அமெரிக்காவில் இருக்கும் மகன் விஜய்சங்கர் அந்தக் குரலை வாராவாரம் கேட்டுக் களைத்துப்போய், "அப்பா, இதையெல்லாம் படிச்சிட்டுக் கொஞ்சம் அமைதியா இருங்க" என்று நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களை ஆர்டர் போட்டு அனுப்பிவிட்டான். யோகம், பௌத்தம், தியானம், எளிய வாழ்வு, மூச்சு, மூச்சுக்கு முந்திய நிலை என்று ஒன்றும் பாக்கியில்லை. 'ஓய்வூதியர்களுக்கான நிர்வாணம்' என்ற ஒரு நூலுக்கு மட்டும் தலைப்பைக் கருதிப் பழைய நாளிதழில் அட்டை போட்டோம்.

உடனே வட்டம் தொடங்கப்பட்டது, தினமும் காலை ஐந்தரைக்குப் படிப்பகத்தில். ஏழு உறுப்பினர்கள். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள், எல்லாரும் காலை ஐந்து மணிக்கே விழித்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்களுக்குத் தொந்தரவாக இருந்தவர்கள். முதல் நூலை உரக்க வாசிக்கும் பொறுப்பு பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் மகாராஜனுக்குப் போனது. பிச்சிப்பூவை ஏலம் கூறிப் பழகிய தொண்டை. மூன்றாம் பக்கத்தில், 'இங்கே வாசிப்பதை நிறுத்திவிட்டு உங்கள் மூச்சைக் கவனியுங்கள்' என்று போட்டிருந்தது. நிறுத்தினோம். திரும்ப எப்போது தொடங்க வேண்டும் என்று நூலாசிரியர் தெரிவிக்கவில்லை. மேலிடத்து உத்தரவு இல்லாமல் நாங்களாகத் தொடங்க முடியுமா? அந்த நூல் இன்றுவரை மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது.

படிப்பகத்தில் அப்போது படிக்கிற ஆள் என்று ஒருத்திதான் இருந்தாள். இசக்கிசெல்வி. அவள் வீட்டு முன்னறையில் நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் தும்மினால்கூடக் கேட்காது. அதனால் காலை ஐந்தரைக்குப் படிப்பகத்துக்கு வந்து, எட்டரை வரை குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்துவிட்டு, தறிக்குத் தார் சுற்ற, அதாவது நாடாவுக்கான நூலைக் குச்சியில் சுற்ற, வீட்டுக்குப் போவாள். போன தடவை மூன்று கேள்வியில் வேலை தவறிவிட்டது. "இந்த ஒரு தடவைதான், இதுவும் போச்சுன்னா ரெண்டு ஷிஃப்டும் தறியிலதான்" என்று அவள் அப்பா மூக்காண்டி சொல்லியிருந்தார். தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. படிப்பகத்தில் ஒரு பெரிய மேசை, ஒரு டியூப் லைட், கீழ்த்தட்டில் வழிகாட்டி நூல்கள், அவற்றோடு அவள் இரண்டு வருடமாகக் கையால் எழுதிய குறிப்பு நோட்டுகள் நான்கு. ஞானமடையாத ஒருத்திக்கு எவ்வளவு பற்றுகள் பாருங்கள்.

இரண்டாவது நூலை மகாராஜன் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்தார். அதில் 'வாரம் ஒன்றைத் துறந்துவிடுங்கள்' என்று இருந்தது. அறையில் ஒரு சிலிர்ப்பு.

"துறந்துருவோம்," என்றார் தலைவர். "ஆனா ஒண்ணு. முப்பத்தாறு வருஷம் சர்வீஸ் போட்டிருக்கேன். ரெக்கார்டு இல்லாம எதையும் விடப்படாது வே. நாளைக்கு ஒருத்தன் வந்து, நீ எப்ப விட்டேன்னு கேட்டா என்னத்தக் காட்டுவீரு?"

அவ்விதம் பிறந்ததுதான் துறவுப் பதிவேடு. வரிசை எண், துறப்பவர் பெயர், துறக்கப்படும் பொருள், காரணம், செயலாளர் கையொப்பம் என ஐந்து கட்டங்கள். முதல் வாரம் மகாராஜன் சர்க்கரையைத் துறந்தார். டாக்டர் அதை மூன்று வருடத்துக்கு முன்பே அவரைத் துறக்கவைத்திருந்தார். தலைவர் கோபத்தைத் துறந்தார், வருகிற திங்கள் முதல் அமலுக்கு வரும்படி. நான் சீப்பைத் துறந்தேன். என் தலையைப் பார்த்தவர்கள் அந்தத் தியாகத்தின் ஆழத்தை அறிவார்கள்.

மூன்றாவது வாரம் நெருக்கடி வந்தது. துறப்பதற்குப் பொருள் தட்டுப்பாடு. ஒவ்வொருவரும் கண்ணை மூடி உள்ளே தேடினோம். ஸ்கூட்டர் வேண்டியிருந்தது. இரண்டாம் டோஸ் காப்பி வேண்டியிருந்தது. மதியத் தூக்கம், டிவி ரிமோட், மருமகளைக் குறை சொல்வது எல்லாமே இன்றியமையாதவையாகத் தெரிந்தன. அப்போது தலைவர் கண்ணைத் திறந்தார். எதிரே மேசை இருந்தது. மேசை மன்றத்துடையது, அதாவது எங்களில் எவருடையதும் இல்லை. துறப்பதற்கு அதைவிடத் தோதான பொருள் கிடைக்குமா?

மறுநாள் காலையில் இரண்டு பேர் அதைத் தூக்கும்போது இசக்கிசெல்வி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"சார், மேசைய எங்க கொண்டு போறீய?"

"கொண்டு போகலம்மா. துறக்கோம்," என்றார் தலைவர்.

"நான் எதுல வச்சு எழுத?"

"தரையில உக்காரு. புத்தர் என்ன, மேசை போட்டா உக்காந்தாரு?"

"புத்தர் குரூப் ஃபோர் எழுதலையே சார்."

இதை நான் கூட்டக் குறிப்பில் 'உறுப்பினர் அல்லாத ஒருவரின் மனக்கொதிப்பு' என்று பதிவு செய்தேன். அடுத்த வாரம் டியூப் லைட் துறக்கப்பட்டது. 'அகவொளி' என்று பெயர் வைத்துக்கொண்டு புற ஒளியில் உட்காருவது முரண் என்று மகாராஜன் எடுத்துச் சொன்னதை யாராலும் மறுக்க முடியவில்லை. அவள் ஜன்னலோரம் போய் விடியும்வரை காத்திருந்து, வெளிச்சம் வந்ததும் மடியில் வைத்து எழுதினாள். அதற்கடுத்த வாரம் நாங்கள் ஓசையைத் துறந்தோம். அவள் ஆண்டுகளையும் சட்டப்பிரிவுகளையும் முணுமுணுத்து மனப்பாடம் செய்வது ஏழு பேரின் மூச்சையும் கலைத்தது. முணுமுணுப்பை நிறுத்தினாள். பிறகு பக்கம் திருப்புகிற ஓசை கலைத்தது.

"மெதுவாத்தான திருப்புதேன் அண்ணாச்சி," என்றாள் என்னிடம்.

"திருப்பாமப் படிக்க முடியாதா மக்கா?" என்று நான் கனிவோடு கேட்டேன். உண்மையிலேயே கனிவாகத்தான் கேட்டேன். எட்டு வாரத் தியானத்தில் என் குரல் அவ்வளவு பக்குவப்பட்டிருந்தது.

தேர்வுக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது மகாராஜன் ஒரு மாபெரும் துறவை அறிவித்தார். "போட்டிதாம் வே எல்லாத் துன்பத்துக்கும் வேரு. அந்தப் போட்டித் தேர்வுப் புத்தகத்தை எல்லாம் நான் துறக்கேன். கீழ்த்தட்டு காலியாச்சுன்னா நம்ம ஞானப் புத்தகத்த அடுக்கலாம். பாவம், பெட்டிக்குள்ளயே கெடக்கு." பலத்த கைதட்டல். கைதட்டல் ஓசை என்பதால் அது மட்டும் விதிவிலக்காக அனுமதிக்கப்பட்டது.

பழைய பேப்பர்காரர் வந்தபோது தட்டைக் காலி செய்யும் மேற்பார்வை என்னுடையது. வழிகாட்டி நூல்களுக்கு நடுவே நான்கு நோட்டுகள் இருந்தன. மேலே அவள் பெயர் எழுதியிருந்தது. புரட்டிப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து, ஒவ்வொரு பக்க ஓரத்திலும் சிவப்பு மையில் கோடு, ஒரு நோட்டில் நூல்பிசிறு ஒட்டியிருந்தது. அவற்றை எடுத்து அப்பால் வைக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் பதிவேட்டில் 'கீழ்த்தட்டு முழுவதும்' என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அதில் அடித்தல் திருத்தல் கூடாது. அடித்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும், ஏன் என்று விளக்கம் எழுத வேண்டும், தலைவரிடம் கொண்டுபோக வேண்டும். நோட்டுகள் சாக்குக்குள் போயின.

மறுநாள் அவள் குனிந்து வெறும் தட்டுக்குள் கைவிட்டுத் தேடினாள்.

"அண்ணாச்சி, கீழ என் நோட்டு நாலு இருந்துச்சு."

"அது போச்சு மக்கா."

"எங்க போச்சு?"

சொன்னேன். ஓடினாள். பேப்பர் கடையில் அவள் போய்ச் சேர்வதற்குள் சரக்கு லாரியில் ஏறிப் போய்விட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன். முகமெல்லாம் வியர்த்துத் திரும்பி வந்தவளைத் தலைவரே எதிர்கொண்டார். அன்று அவர் சிறிதும் கோபப்படவில்லை என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும். பெட்டியிலிருந்து 'போனதைப் போகவிடு' என்ற நூலை எடுத்து, தூசி தட்டி, அவள் கையில் கொடுத்தார்.

"இதப் படிம்மா. எல்லாம் சரியாப் போயிரும்."

அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது.

"நீங்க படிச்சிட்டீயளா சார்?"

"நமக்கு அது தேவப்படலம்மா," என்றார் தலைவர்.

அதன்பின் அவள் படிப்பகத்துக்கு வரவில்லை. தறிச் சத்தத்துக்கு நடுவே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தாளாம். தேர்வு எழுதினாள். முடிவு வந்தது. கிடைக்கவில்லை. மூக்காண்டி சொன்ன சொல் தவறாதவர். இப்போது இரண்டு ஷிஃப்ட்.

எங்கள் வட்டமோ நாளொரு மேனியாக வளர்ந்தது. முதலாம் ஆண்டு விழாவை மண்டபம் பிடித்து நடத்துவது என்றும், சிறந்த துறவிக்குத் 'துறவுச் செம்மல்' விருது வழங்குவது என்றும் தீர்மானித்தோம். தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க, துறக்கப்பட்ட பொருள்களை நேரில் சரிபார்க்கும் கடமை செயலாளருக்கு வந்தது. பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டேன். மகாராஜன் கடையில் எனக்கு டீ வாங்கித் தந்தார். அவர் டீயிலும் சர்க்கரை இருந்தது. டியூப் லைட் அவருடைய பூக்கூடைகளுக்கு மேலே பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. மேசை தலைவர் வீட்டுப் போர்ட்டிகோவில் இருந்தது, அதன்மேல் வடாம் காய்ந்தது. "பாதுகாப்புக்காக வச்சிருக்கேன் வே, அதுல உமக்கு என்ன?" என்று தலைவர் தெருவுக்கே கேட்கும்படி விளக்கினார். என் சட்டைப் பையில் சீப்பு இருந்தது. பழக்கதோஷம்.

விருது தலைவருக்கே என்று ஒருமனதாக முடிவாயிற்று. மண்டபம் நிறைய ஆள் வேண்டுமே என்று, அழைப்பிதழோடு தெருத்தெருவாகப் போனேன். இசக்கிசெல்வி வீட்டுக்கும் போனேன். பாரபட்சம் எங்கள் வட்டத்தில் கிடையாது. முன்னறையில் நான்கு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. தார் சுற்றிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, நான் பேசுவது கேட்கவேண்டும் என்று பக்கத்துத் தறி ஒன்றை நிறுத்தினாள். வாங்க என்றாள். உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. அழைப்பிதழை நீட்டினேன்.

"ஆண்டு விழா மக்கா. நீயும் வரணும். துறவப் பத்தி நல்லாப் பேசுவாங்க."

அவள் அழைப்பிதழை வாங்கவில்லை. கையில் ஒட்டியிருந்த நூலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னும் எங்கிட்ட என்ன அண்ணாச்சி இருக்கு, நீங்க துறக்கதுக்கு?"

செயலாளர் என்ற முறையில் அந்த வீட்டைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தேன். ஒன்றும் இல்லை. எங்கள் பணி அங்கே முழுமை பெற்றிருந்தது.