கறண்ட் சாமியின் பல்ப்

யாழ்ப்பாணத்து அரியாலையில் கடவுள் வந்து இறங்கியிருக்கிறார் என்றார்கள். வெறுங்கையோடு அல்ல. ஒரு பல்ப்போடு.

அது 1993. லக்சபானா அணையிலிருந்து வந்த மின்சாரம் யுத்தத்தில் நின்று மூன்று வருடம். மண்ணெண்ணெய்க்கும் தடை. அரசாங்கம் தராத மின்சாரத்தைக் கறண்ட் சாமி தவத்தால் இறக்குகிறாராம். அரைப்போத்தல் மண்ணெண்ணெய் காணிக்கை வைத்தால் தைப்பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெளிச்சம் வருமாம். விளக்கெரிக்க எண்ணெய் இல்லாத சனம், வெளிச்சம் வேண்டி எண்ணெயைக் கொண்டுபோய்க் கொடுத்தது. நாகலிங்கம் என்பவர் தன் பிரிட்ஜையே வண்டிலில் ஏற்றி வந்து திருநீறு பூசுவித்தார்.

பக்கத்து வீட்டு லூர்த்தம்மாவும் புறப்பட்டார். மகள் மக்டலீனுக்கு இது பேற்று மாதம். பேற்றுக்கென்று ஒளித்து வைத்த கடைசி அரைப்போத்தல் அவர் கையில்.

"மாமி, நீங்கள் மாதா கோயில் வேதக்காரர் எல்லே?" என்றேன்.

"இருட்டு சமயம் பாத்தே வருது, தம்பி?"

என் மனைவி பேற்றில் இறந்தபோது வெளிச்சத்துக்கு மருத்துவிச்சியிடம் இருந்தது ஒரு நெருப்புப்பெட்டிதான். நானும் கூடப் போனேன்.

தார்ப்பாய்ப் படங்கு கட்டிய கொட்டிலுக்குள் பகலே இருட்டு. மேளம், பசனை. காவிச் சால்வைக்குள்ளிருந்து சாமி கையை நீட்டினார். விரலிடுக்கில் ரோச் லைட் பல்ப் ஒன்று எரிந்தது. சனம் விழுந்து கும்பிட்டது. பசனை வேகமெடுத்தால் வெளிச்சமும் கூடியது. தெய்வத்துக்குத் தாளம் பிடிக்கும் போலும்.

லூர்த்தம்மா போத்தலை நீட்டினார். நான் அதன் கழுத்தைப் பிடித்தேன்.

"சாமி, ஒருக்கா பசனையை நிப்பாட்டிப்போட்டு எரிய விடுங்கோ. பிறகு மாமி தருவா."

சாமி போத்தலைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். கையைக் காட்டினார். மேளம் நின்றது.

கிர்ர்ர்ர்.

அந்தச் சத்தம் தெரியாதவர் அங்கே எவருமில்லை. சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சுற்றித்தான் எல்லா வீட்டிலும் ரேடியோச் செய்தி கேட்டோம்.

"உது எங்கடை வீட்டிலயும் கேக்கிறதுதானே" என்றார் நாகலிங்கம்.

சாமியின் முதுகுப்பக்கப் படங்கை விலக்கினேன். கவிழ்த்த சைக்கிள். பெடலைக் கையால் சுற்றியபடி சாமியின் மச்சான் முருகேசு. வயர் சால்வைக்குள் போனது.

"அத்தான், நிப்பாட்டட்டோ? கை கழண்டுபோச்சு."

பல்ப் அணைந்தது. சாமி மறைந்தார், அது ஒன்றுதான் அவர் செய்த உண்மையான அற்புதம். சனம் போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டது. நாகலிங்கம் மட்டும் முருகேசுவிடம் மெல்லக் கேட்டார்: "தம்பி, பிரிட்ஜுக்கும் சுத்துவியோ?"

ஐந்தாம் நாள் மக்டலீனுக்குப் பெண் பிள்ளை. அந்த அரைப்போத்தல் விடியும் வரை எரிந்தது.

மின்சாரம் வரும்போது வரட்டும். அதுவரை, கும்பிடுமுன் ஒரு நிமிடம் மேளத்தை நிறுத்திக் கேளுங்கள். மூளை எரிய மண்ணெண்ணெய் தேவையில்லை. அதற்கு இன்னும் எவரும் தடை போடவுமில்லை.