பத்து டிகிரி அண்ணையின் கடல்

ஒஸ்லோவில் வீட்டைச் சூடாக்கக் காசு கட்டாத தமிழர் இல்லை. வீட்டைக் குளிராக்கக் காசு கட்டியவர் எனக்குத் தெரிய ஒருவர்தான். அவரைப் ‘பத்து டிகிரி அண்ணை’ என்போம். சொந்தப் பெயர் தபால்பெட்டியில் எழுதியிருந்தது. யாரும் அதை வாசித்ததாகத் தெரியவில்லை.

நோர்வேயின் வடக்கே நான் வேலை செய்த மீன் தொழிற்சாலை மூடப்பட்டதால் ஒரு பையுடன் ஒஸ்லோ வந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான்; மிச்சத்தை நாலைந்து நாட்டுச் சமையலறைகளில் படித்தேன். நகரத்து ஓரத்தில், ரொம்மனில், செல்வி அக்கா தன் வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். கணவர் இறந்தபின் மேலே தனியாக இருந்தார். கீழே ஓர் அறையில் ஏற்கெனவே அண்ணை. அவருக்கு பஸ் கழுவுகிற வேலை. என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

“தம்பி, குளிர் தாங்குவீரோ?”

“பழகிட்டுது அண்ணை. ஒரு மாரிக் குளிர் முழுக்கக் காருக்குள்ளை படுத்தனான்.”

“அது காணும். சாமானை வையும்.”

பொது அறைக்குள் போன பிறகுதான் விளங்கியது. வெளியே பனி கொட்ட, ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது. சோபா இருக்கவேண்டிய இடத்தில் ஓர் ஆள் படுக்கக்கூடிய கண்ணாடித் தொட்டி. அதில் தண்ணீர் மட்டும். அதன் முன்னால் தொப்பியும் கையுறையும் போட்டபடி, தண்ணீர் பத்து டிகிரியைத் தாண்டக்கூடாது என்று வெப்பமானியை விட்டுக் கண் எடுக்காமல் அண்ணை பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். பால் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

மீன்தொட்டி வைத்திருக்கும் தமிழர்கள் ஒஸ்லோவில் நிறையப் பேர். சூடான தண்ணீர், வண்ண மீன், அடியில் நீலக் கல், நடுவில் பிளாஸ்டிக் கோட்டை. அண்ணை அதைக் கல்யாண மணவறை என்பார். அவருக்கு வேண்டியது ஒஸ்லோவின் சொந்தக் கடல். அதிலும் துறைமுகத்தின் ஓரமாக ஆறு வந்து விழுகிற அந்த ஓர் இடம். அதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

“முழு உப்புமில்லை, நல்ல தண்ணியுமில்லை. ரெண்டுங்கெட்டான் தண்ணி. அதுக்குள்ளையும் சீவிக்குதுகள், பாரும்” என்றார்.

நான் வருவதற்கு முன்பே இரண்டு மாரிகள் திட்டம் போடுவதில் கழிந்திருந்தன. முதலில் குறொன்லாண்டுத் தமிழ்க் கடையில் ஒரு மூட்டை கல்லுப்பு வாங்கினாராம். கடைக்காரர், “கருவாடு போடப் போறியளோ?” என்று கேட்டிருக்கிறார். “இல்லை, கடல் செய்யப் போறன்.” அதற்குப் பிறகு அந்தக் கடையில் அண்ணைக்கு மீதிக் காசை மேசையில் வைத்துத்தான் கொடுப்பார்கள், கையில் கொடுப்பதில்லை.

கறி உப்பில் கடல் வராது என்று தெரிந்ததும், துறைமுகத்திலிருந்து கான்களில் தண்ணீர் அள்ளி ரயிலில் கொண்டுவரத் தொடங்கினார். நான் வந்தபின் இரண்டு கான் எனக்கும் கிடைத்தது. உப்பை அளக்கக் கருவி வைத்திருந்தார். ஆனால் கடைசித் தீர்ப்பு நாக்குக்குத்தான். விரலைத் தொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, “உப்புக் காணாது” என்பார். எப்போதும் அதே தீர்ப்பு. ஒருநாள் என்னையும் பார்க்கச் சொன்னார்.

“ரசத்துக்கு இது காணும் அண்ணை.”

“ரசமில்லைத் தம்பி, கடல். யோசிச்சுச் சொல்லும்.”

கோடையில் ஜன்னல் உதவவில்லை. அண்ணை எங்கள் பிரிட்ஜில் இரண்டு ஓட்டை போட்டு, தொட்டித் தண்ணீரைக் குழாயால் உள்ளே சுற்ற விட்டார். கீழ்த்தட்டில் கடல் ஓடும், மேல்தட்டில் என் பால் இருக்கும். வாழ்க்கையில் எனக்கென்று ஒதுக்கப்பட்ட முதல் தட்டு அது.

பிறகு பாசி வந்தது, மட்டி வந்தது. ஒருநாள் நசுங்கிய பியர் தகரமும் மின்சார ஸ்கூட்டர் சில்லு ஒன்றும் வந்தன.

“அண்ணை, இது குப்பை.”

“நான் என்ன சொன்னனான்? அந்த இடத்தை அப்பிடியே. அங்கை ஸ்கூட்டர் கிடக்குது. ஸ்கூட்டரை எடுத்துப்போட்டா அது வேற ஊர்க் கடல்.”

அடுத்த மாரியில் செல்வி அக்கா மின்சார பில்லோடு கீழே இறங்கினார். அறைக் குளிருக்கு ஹீட்டர் தானாகவே முழு வேகத்தில் வேலை செய்தது. ஜன்னல் திறந்திருந்தது.

“என்ன விசரே உங்களுக்கு? வாடகையோடை ஸ்த்ரொம் பில்லையும் சேத்து விட்டது என்ரை பிழை. ரோட்டுக்கே சூடு குடுக்கிறியள்! மாதம் முடியிறதுக்குள்ளை தொட்டி வெளியிலை போகவேணும். இல்லாட்டி ரெண்டு பேரும் வெளிக்கிடுங்கோ.”

ரெண்டு பேரும் என்றால் நானும். எனக்கு ஒரு பை. அவருக்கு ஒரு கடல்.

“எங்கை அண்ணை போறது?”

“நாக்குக்குக் காணாட்டியும் கருவி தண்ணி சரியெண்டுது. இனி ஓடித்திரியிற உயிர் விட்டுக் காட்டவேணும். அப்பதான் அவவுக்கு விளங்கும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் கயிற்றில் கோழித்தோல் கட்டி ஒரு வாளி நண்டு பிடித்தோம். ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தார். பெண் எடுக்கப் போனவர்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டார். பிடித்த நண்டுகளை உடனே தொட்டிக்குள் விடக்கூடாதாம். வாளியைக் குளிரான இடம் என்று, எங்களுக்கும் செல்வி அக்காவுக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறையில் வைத்தோம். சனிக்கிழமை காலை கடைசிக் கான் தண்ணீருக்குப் போய்த் திரும்பியபோது வாளி கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது.

அண்ணை மூக்கை உயர்த்தினார். மேலேயிருந்து, கூழுக்குக் கரைக்கும் பனங்கிழங்கு ஒடியல் மா வாசம்.

செல்வி அக்கா ஆவி பறக்கும் கூழ்ப் பானையுடன் இறங்கி வந்தார்.

“நான் கோவத்திலை கத்திப்போட்டன். நீங்கள் அதை மனசிலை வைக்காமல் எனக்கு உயிர் நண்டு கொண்டந்து வைச்சிருக்கிறியள். அவர் போன பிறகு எனக்கெண்டு ஒருத்தரும் நண்டு கொண்டந்ததில்லை.” கண்ணைத் துடைத்தார். “சின்ன நண்டுதான். ஆனா நல்ல கலகலப்பு. ஒண்டு என்ரை விரலையே பிடிச்சிட்டுது.”

நான் அண்ணையைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அந்தக் கண்ணீர் வீண். எங்கள் அறையும் போகும்.

“துறைமுகத்து நண்டு. தின்னலாமோ தெரியாது” என்று அண்ணை என் காதுக்குள் சொன்னார். நான் இதைவிட மோசமானதெல்லாம் தின்றவன். கோப்பையை நீட்டினேன்.

அண்ணை கையுறைகளைக் கழற்றினார். அந்த அறையில் அவர் விரல்களை நான் அதிகம் கண்டதில்லை. ஒரு வாய் குடித்து, கண்ணை மூடிக்கொண்டார்.

“உப்பு அளவா இருக்குது, செல்வி.”

அந்த நாக்கு அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

செல்வி அக்கா தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். “இதுக்குள்ளை என்ன விடப் போறியள்?”

“மீன்.”

“நண்டும் விடுங்கோவன், வடிவாயிருக்கும்.”

“பாப்பம்” என்றார் அண்ணை.

செல்வி அக்கா போகும்போது ஜன்னலைப் பாதி சாத்திவிட்டு, “இவ்வளவு திறந்தாக் காணும்” என்றார். அதோடு எங்களை வெளியேற்றுகிற கதை முடிந்தது.

பிறகு சிறிய மீன்கள் வந்தன. ஒன்று பியர் தகரத்துக்குள் குடியேறி, பக்கத்தில் வந்தவற்றையெல்லாம் துரத்தியது. ஞாயிறுகளில் செல்வி அக்கா சால்வை போர்த்திக்கொண்டு வந்து தொட்டிக்கு முன்னால் இருப்பார். அண்ணை துறைமுகத்து நண்டைத் தொட்டிக்குள் விடுவார். குறொன்லாண்டில் வாங்கிய நண்டை வாளியில் போட்டு, தான் பிடித்தது என்று மேலே கொடுத்தனுப்புவார். அந்தப் பொய்யில் வாளி தூக்கிய பங்கு எனக்கும் உண்டு.

ஒரு வசந்தத்தில் நான் பேர்கனுக்குப் போய்விட்டேன். காரணம் எதுவுமில்லை, எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. என் அறைக்கு இன்னும் ஆள் வைக்கவில்லை என்று போன கிழமை தொலைபேசியில் செல்வி அக்கா சொன்னார். அண்ணை ஒவ்வொரு ஆளிடமும் குளிர் தாங்குவீரோ என்று கேட்டுக் கலைத்துவிடுகிறாராம்.

பிரிட்ஜில் என் தட்டில் கிழமைக்கு ஒருதடவை புதுப் பால் வாங்கி வைக்கிறாராம்.